பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா? நோயாளிப் பதிவேடும் மருத்துவ ஆராய்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு சிறிய தனியார் கிளினிக்கில் பத்தொன்பது ஆண்டுகளாக நான் டோக்கன் கொடுக்கிறேன், சீட்டு எழுதுகிறேன், பதிவேடு வைக்கிறேன். மருத்துவன் அல்ல, வழக்கறிஞனும் அல்ல. எங்களிடம் உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாக டாக்டர் பதில் அனுப்பினார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பெஞ்சில் காத்திருந்தவர்கள் வழியாகச் செய்தி பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து கேள்விகள்தான். “அண்ணே, என் சீட்டை என்ன விலைக்கு விற்கப் போகிறீர்கள்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டவரும் உண்டு, சிரிக்காமல் கேட்டவரும் உண்டு. சட்டத்தைப் படித்தும், விவரம் அறிந்தவர்களைத் தொந்தரவு செய்தும் நான் தெரிந்துகொண்டவை இவை.

பெயர் நீக்கிய பதிவேடு என்றால் என்ன?

எங்கள் பதிவேட்டில் ஒரு வரி என்பது பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, ஊர், தொழில், கைபேசி எண், ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, கொடுத்த மருந்து, டாக்டரின் குறிப்பு. இதில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் பகுதிகளை எடுத்துவிட்டு உடம்பைப் பற்றிய பகுதிகளை மட்டும் கொடுப்பதுதான் பெயர் நீக்குவது.

ஆனால் இதில் இரண்டு வகை இருக்கிறது; இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்புகிறார்கள். முதல் வகையில் யார் என்று எவராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி அறுத்துவிடுவார்கள். இரண்டாவது வகையில் பெயர் இருந்த இடத்தில் ஒரு குறியீட்டு எண்ணைப் போடுவார்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் கிளினிக்கின் அலமாரியில் பூட்டி இருக்கும். 2015இல் சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கியவருக்கு 2025இல் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அந்த இரண்டு வரிகளும் ஒரே ஆளுடையவை என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்கு எண் வேண்டும். ஆகவே ஆராய்ச்சியாளர் “பெயர் நீக்கியது” என்று சொன்னால் பெரும்பாலும் அது இரண்டாவது வகைதான். சாவி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சாவியும் பெட்டியும் ஒரே கையில் இருந்தால் அதற்குப் பெயர் பூட்டு அல்ல.

பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டார்களே, அது போதாதா?

போதாது. டாக்டர் எனக்கு ஒரு நாள் சோதனை வைத்தார். பெயர், தகப்பனார் பெயர், கைபேசி எண் மூன்றையும் மறைத்து இருபது வரிகளை அச்செடுத்து நீட்டினார். பதினேழு பேரை நான் சொல்லிவிட்டேன். சீட்டு எழுதியவனே நான்தான், எனக்குத் தெரிவதில் என்ன வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் நோயைப் பார்த்துச் சொல்லவில்லை. ஊர், வயது, தொழில் மூன்றையும் பார்த்துத்தான் சொன்னேன். அந்த மூன்றும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும். ஐம்பத்திரண்டு வயது, சங்கு குளிப்பவர், இன்ன ஊர் என்று போட்டால் அதற்குமேல் பெயர் எதற்கு?

இது சிறிய ஊரின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவமனை விவரங்களைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டார்கள். யாருடைய ரகசியமும் வெளியாகாது என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதியை உடையவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவ விவரம் கையில் வந்துவிட்டது. இது 1997இல் நடந்தது. பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று பிறகு அவரே கணக்கிட்டார். நம் வாக்காளர் பட்டியல் வாக்குச்சாவடி வாரியாக வெளியிடப்படுகிறது, வயதும் வீட்டு எண்ணும் அதில் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

விவரங்களின் துல்லியத்தைக் குறைத்துப் பொதுவாக்க வேண்டும். டாக்டரும் நானும் இரண்டாவது முறை முயன்றபோது வயதை ஐந்து ஐந்து ஆண்டுகளாகத் திரட்டினோம். ஊரை எடுத்துவிட்டு ஒன்றியத்தை மட்டும் வைத்தோம். தொழிலைக் கடல் தொழில், மற்றவை என்று இரண்டாகச் சுருக்கினோம். வந்த தேதிக்குப் பதிலாக மாதம். அதன்பிறகு இருபதில் இரண்டு பேரைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. ஒருவர் தொண்ணூறைத் தாண்டியவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஆகவே எண்பதுக்கு மேற்பட்ட எல்லோரையும் ஒரே கூடையில் போட்டோம். இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தது டாக்டரின் கைக்குறிப்பு: “மகன் மாலத்தீவு சிறையிலிருந்து திரும்பும்வரை தூக்கமில்லை.” எந்தப் பெயரும் இல்லை, ஆனால் ஊரே அந்தப் படகுக்காகக் காத்திருந்தது. டாக்டரின் குறிப்புகளை முழுவதும் நீக்கிவிட வேண்டியதுதான்.

முடிவுகளை வெளியிடும்போதும் ஒரு வழக்கம் உண்டு. அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் ஐந்துக்கும் குறைவானவர்கள் இருந்தால் அந்த எண்ணை அச்சிட மாட்டார்கள். “மண்டபம் ஒன்றியம், பெண், இன்ன நோய்: 1” என்று போட்டால் அது புள்ளிவிவரம் அல்ல, விலாசம்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. தொழிலைச் சுருக்கியதும் சங்கு குளிப்பவரின் காது வலியும், பாசி எடுக்கும் பெண்ணின் முட்டித் தேய்மானமும், வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவரின் சிறுநீரகக் கோளாறும் ஒரே “கடல் தொழில்” நோயாகிவிடுகின்றன. யாரைப் பற்றி ஆராய வேண்டுமோ அவர்களே சிறுபான்மை. அவர்களை மறைத்தால் ஆராய்ச்சி நடக்காது, காட்டினால் ஆள் தெரிந்துவிடும். இந்த முடிச்சை முழுவதும் அவிழ்த்தவர் யாருமில்லை. அவிழ்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதனால் எனக்கு என்ன லாபம்?

நாளைக்கே ஒன்றும் இல்லை. யாராவது உண்டு என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் ஒரு கதை சொல்கிறேன். 1998இல் இங்கிலாந்தில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து ஒரு கட்டுரை வந்தது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. பெற்றோர் பயந்து ஊசியைத் தவிர்த்தார்கள். பயத்துக்குப் பதில் சொல்ல என்ன இருந்தது? அந்நாட்டுக் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகள் இருந்தன. 2004இல் அவற்றிலிருந்து ஆட்டிசமும் அதைச் சார்ந்த குறைபாடுகளும் உள்ள 1,294 பிள்ளைகளையும், ஒப்பிட 4,469 பிள்ளைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்தில் ஊசி போட்டிருந்தவர்கள் 78 சதவீதம். இரண்டாவது கூட்டத்தில் 82. தொடர்பு எதுவும் இல்லை. அந்த 1998 கட்டுரையை 2010இல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியைப் பள்ளிகளில் போட வந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன சுற்றியது என்று நினைவிருக்கிறதா? எங்கள் கிளினிக் வாசலிலேயே நான்கைந்து தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டார்கள். அன்று டாக்டர் சொன்ன பதில், யாரோ முன்பின் தெரியாத பிள்ளைகளின் பெயர் நீக்கிய சீட்டுகளிலிருந்து வந்த பதில். அந்தப் பிள்ளைகளுக்கும் அதனால் எந்த லாபமும் இல்லை.

என் மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்தாகிவிட்டது. அவனுடைய விவரம் இப்படிப் போகுமா?

போக வாய்ப்பு உண்டு. அங்கே ஏறக்குறைய எல்லோரும் ஏதாவது ஒரு ஜி.பி. மருத்துவமனையில் பதிந்திருப்பார்கள். காய்ச்சல் முதல் கருத்தடை வரை எல்லாம் அந்த ஒரே கோப்பில் ஏறும். பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் கடிதம் அங்கேயே திரும்பி வரும். இந்தக் கோப்புகளைத் திரட்டும் சி.பி.ஆர்.டி. என்ற அரசு அமைப்பின் தொடக்கம் 1987. இடம் மாறியவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்து இன்று அதில் 6 கோடிப் பேருக்கு மேல். பெயர், முகவரி, தேசிய மருத்துவ எண், முழுப் பிறந்த தேதி எதுவும் அதற்குப் போவதில்லை. ஆண்டு மட்டும் போகும்.

வேண்டாம் என்றால் உங்கள் மகன் விலகிக்கொள்ளலாம். ஜி.பி.யிடமே சொல்லிவிடலாம், 2018 மே முதல் நாடு முழுவதற்குமான விலகல் ஏற்பாடு ஒன்றும் தனியாக இருக்கிறது. விலகினாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது.

அங்கேயும் எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. ஜி.பி. கோப்புகளை ஒரே இடத்தில் திரட்டும் கேர்.டேட்டா என்ற திட்டத்துக்காக 2014 தொடக்கத்தில் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டார்கள். பீட்சா விளம்பரங்களோடு விளம்பரமாக வந்து விழுந்ததைப் பலர் பார்க்கவே இல்லை. யாருக்கு விற்பார்கள், காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகுமா என்று கேள்வி எழுந்ததும் பதில் சொல்லத் தடுமாறினார்கள். பிப்ரவரியில் நிறுத்திவைத்து 2016 ஜூலையில் மூடிவிட்டார்கள். 2021இல் இன்னொரு திட்டத்தை அவசரமாக அறிவித்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விலகிக்கொண்டார்கள். அதையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. மக்கள் ஆராய்ச்சியை வெறுக்கவில்லை என்பது என் கருத்து. முதலில் எடுத்துவிட்டுப் பிறகு சொல்வதைத்தான் வெறுத்தார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரே கோப்பு இருக்கிறதா?

இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவதில் பயனில்லை. எங்களிடம் வரும் ஒருவர் சளிக்கு இங்கே வருவார், சர்க்கரை மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போவார், நெஞ்சு வலித்தால் இராமநாதபுரம், இன்னும் மோசமானால் மதுரை. நடுவில் மந்திரித்துக் கயிறு கட்டியும் வருவார். சீட்டு எங்கே என்றால் வள்ளத்தில் நனைந்துவிட்டது என்பார். எங்களிடம் இருப்பது அவருடைய உடம்பின் கதை அல்ல. நடுவிலிருந்து கிழித்த சில பக்கங்கள்.

நிலைமை மெல்ல மாறுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துப் பதிகிறார்கள். கர்ப்பிணிகளின் விவரம் பிக்மி என்ற அரசுப் பதிவில் அவரவர் எண்ணில் ஏறுகிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய மின்னணு மருத்துவத் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்க எண் தருகிறார்கள். அது கட்டாயம் அல்ல, விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் ஒரு நாள் கோக்கப்பட்டால் இங்கிலாந்தைப் போல ஒரு கோப்பு உருவாகும். கோக்கும் நூல் யார் கையில் என்ற கேள்வியை இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

என்னைக் கேட்காமல் டாக்டர் கொடுத்துவிடலாமா?

உங்கள் பெயரோடு கொடுக்க முடியாது. பெயர் நீக்கிய பழைய பதிவுகளைப் பொறுத்தவரை பதில் கொஞ்சம் சுற்றிவளைத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்குவது இயலாத காரியம் என்றால், அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளை ஆராயத் தனிச் சம்மதம் தேவையில்லை என்று ஆராய்ச்சி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு விலக்களிக்கலாம். கவனியுங்கள்: விலக்களிப்பது குழு. டாக்டரும் அல்ல, ஆராய்ச்சியாளரும் அல்ல. அந்தக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத்துக்குத் தொடர்பில்லாத பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். அந்தப் பொதுமக்களில் ஒருவர் என்றைக்காவது கடலுக்குப் போனவராக இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

சட்டம் என்று பார்த்தால், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. அதற்கு நிபந்தனை, அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது. எனக்கு இந்தச் சட்டத்தில் இரண்டு குறைகள் படுகின்றன. மருத்துவ விவரத்துக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் அதில் இல்லை, உங்கள் எச்.ஐ.வி. முடிவும் நீங்கள் செருப்பு வாங்கிய விவரமும் அதற்கு ஒன்றுதான். மேலும் காகிதத்திலேயே இருக்கும் பதிவேட்டை அது தொடுவதில்லை. நான் அதைக் கணினியில் ஏற்றும் நிமிடத்திலிருந்துதான் அது விழித்துக்கொள்கிறது.

வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

கோபிக்க அவருக்கு உரிமை இல்லை. எங்கள் கிளினிக்கில் என்னிடம் சொன்னால் போதும். உங்கள் வரியை விட்டுவிடுவேன். காரணம் கேட்க மாட்டேன். ஆனால் தரவு குறியீட்டு எண் இல்லாமல் போய்ச் சேர்ந்தபிறகு சொன்னால், எது உங்கள் வரி என்று எனக்கே தெரியாது. முன்கூட்டியே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிறேன். சில விஷயங்கள் வெளியே தெரிந்தால்?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் குறைவு. சுற்றிச் சுற்றிக் கேட்டவர்கள் அதிகம். எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மனநல விவரங்களின் ரகசியத்துக்கு அதே ஆண்டு வந்த மனநலச் சட்டம் இருக்கிறது. எங்கள் டாக்டர் எடுத்த முடிவு இதைவிட எளியது: கருக்கலைப்பு, பால்வினை நோய், காசநோய், மனநலம் இந்த நான்கும் உள்ள வரிகள் எந்தப் பட்டியலிலும் போகாது. அவற்றைப் பற்றிய ஆராய்ச்சி தேவையில்லை என்று பொருளல்ல. அதைச் செய்ய ஒரு தனியார் கிளினிக்கின் அலமாரி சரியான இடமல்ல.

ஆளைச் சொல்லாமல் ஊரைச் சொல்லிவிட்டால்?

எனக்கு மிகவும் பயம் தரும் கேள்வி இது. எந்தச் சட்டத்திலும் இதற்கு நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஆளையும் அடையாளம் காட்டாமலேயே ஓர் ஊரைக் கறைப்படுத்திவிட முடியும். “இன்ன கிராமத்தில் இந்த நோய் அதிகம்” என்று ஒரு செய்தித்தாள் பெட்டிச் செய்தி போட்டால் அடுத்த முகூர்த்தத்திலேயே சம்பந்தம் பேச வருகிறவர்கள் தயங்குவார்கள். இங்கே ஒரு கிராமம் என்பது பல இடங்களில் ஒரே சமூகம். ஊரைச் சொன்னாலே சாதியையும் மதத்தையும் சொன்னதாகிவிடும்.

ஊரின் பெயரே நோயின் பெயராகிப்போன கதை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஏர்வாடிக்கு மனநலம் வேண்டிப் பல தலைமுறைகளாக மக்கள் வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் சட்டம் பேசினார்கள், காப்பகங்களை மூடினார்கள். ஆனால் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ஒருவனைப் பைத்தியம் என்று ஏச “ஏர்வாடிக்கு அனுப்பு” என்றால் போதும் என்பது மட்டும் மாறவில்லை. அங்கே மீன் விற்கும், பள்ளிக்கூடம் போகும் சாதாரண மனிதர்கள் அந்தப் பெயரைச் சுமக்கிறார்கள். ஆகவே ஒன்றியத்துக்குக் கீழே எந்த இடப்பெயரையும் அச்சிட மாட்டோம் என்று எழுதித் தரச் சொல்லி டாக்டர் கேட்டிருக்கிறார்.

சென்னையில் உட்கார்ந்து எங்கள் பதிவேட்டைப் பார்ப்பவர்களுக்கு என்ன புரியும்?

நல்ல கேள்வி. எங்கள் பதிவேட்டை மாதவாரியாகக் கூட்டினால் மே மாதத்தில் ஆண்களுக்கு முதுகு வலி, சர்க்கரை, அழுத்தம், தோல் நோய் எல்லாம் ஏறும். இந்தக் கடற்கரையில் கோடையில் ஆண்களின் உடல்நலம் கெடுகிறது, வெப்பமே காரணம் என்று ஒருவர் அழகான கட்டுரை எழுதிவிடலாம். உண்மை என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆண்டு முழுவதும் பொறுத்துக்கொண்ட வலியைக் காட்ட அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. பெருகுவது நோய் அல்ல, கிளினிக் வாசலில் நிற்கும் கால்கள். தடை முடிந்து படகு இறங்கியதும் ஊரே “குணமாகிவிடும்”.

அதேபோல ஒருவருடைய பதிவு ஆறு மாதம் இல்லை என்றால் சிகிச்சையைக் கைவிட்டார் என்று பொருள் கொள்வார்கள். அவர் கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போயிருப்பார். அல்லது எல்லை தாண்டினார் என்று பிடித்து இலங்கைச் சிறையில் வைத்திருப்பார்கள். பதிவேட்டுக்கு வந்தவர்களை மட்டும்தான் தெரியும். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை ஆராய்ச்சிக் குழுவில் சேர்க்காமல் தரவை மட்டும் வாங்கிக்கொண்டு போவது வலையை விட்டுவிட்டு மிதவையை இழுப்பது மாதிரி.

கம்ப்யூட்டரில் இருந்தால் திருடிவிட மாட்டார்களா?

திருடலாம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளையே முடக்கினார்கள். நாள்கணக்கில் கையால் சீட்டு எழுத வேண்டியதாயிற்று. அந்த அளவு பாதுகாப்புகூட என் மேசைக் கணினிக்கு இல்லை.

அதனால் தரவை அனுப்பாமலேயே ஆராய்வது நல்லது. கொரோனா காலத்தில், 2020இல், இங்கிலாந்தில் ஓப்பன்சேஃப்லி என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஜி.பி. பதிவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆராய்ச்சியாளர் தம் கணக்கை நிரலாக எழுதி உள்ளே அனுப்புவார். விடை மட்டும் வெளியே வரும். யார் என்ன கணக்குப் போட்டார் என்பது எல்லோர் பார்வைக்கும் இருக்கும். 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை அப்படி ஆராய்ந்து, கொரோனாவில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சில வாரங்களில் சொன்னார்கள். கிணற்றைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, வாளியோடு வந்தால் போதும். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு வரும்வரை, பெயர் நீக்கிய பட்டியலை டாக்டர் முன்னிலையில் கிளினிக்கிலேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம். எங்கள் டாக்டர் அதைத்தான் கேட்டிருக்கிறார். மின்விசிறி ஒன்று கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

மருந்துக் கம்பெனிக்குப் போகுமா?

போகாது என்று நான் உறுதி சொல்ல முடியாது. எழுத்தில் கேட்டு வாங்க முடியும். பணம் யார் தருகிறார்கள், வெளிநாட்டுக் கூட்டாளி உண்டா, வேறு எவருக்கும் கைமாற்றுவார்களா, எப்போது அழிப்பார்கள் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பதில் சொல்ல ஒருவர் தயங்கினால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

நாங்கள் மண்டபம் முகாமில் இருப்பவர்கள். எங்கள் விவரம் அதிகாரிகளுக்குப் போய்விடுமா?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த ஒரு அக்கா இதைக் கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டதற்காக மன்னிப்பும் கேட்டார். முகாம் என்ற சொல் பட்டியலில் வரவே வராது. முகாம்வாசிகளைத் தனியாகப் பிரித்துக்காட்டும் எந்தப் பத்தியும் இருக்காது. அடையாள அட்டை எண்ணை நாங்கள் பதிவேட்டில் எழுதுவதே இல்லை. இல்லாததை யாரும் எடுக்க முடியாது. ரகசியத்தைக் காக்க எனக்குத் தெரிந்த மிக மலிவான வழி இது.

என் சீட்டை நானே வாங்கிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி நோயாளியோ அவர் அனுப்பும் ஆளோ பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிகளின் பதிவை மூன்று ஆண்டு காக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

முடிவு என்ன என்று எங்களுக்குச் சொல்வார்களா?

பெரும்பாலும் சொல்வதில்லை. ஆங்கில இதழில் வரும், பதவி உயர்வு வரும், இங்கே ஒன்றும் வராது. இந்த முறை டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: அச்சுக்குப் போவதற்கு முன் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வந்து, தடைக்காலத்தில் ஒரு நாள், எல்லோரும் கரையில் இருக்கும்போது வாசித்துக்காட்ட வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் கேட்பவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

என் வாப்பாவின் பழைய சர்க்கரை நோட்டு வீட்டில் இருக்கிறது. அவர் மவுத்தாகி நான்கு வருடம் ஆகிறது. அது உதவுமா?

உதவும். ஒரே ஆளின் பதினைந்து வருடக் கணக்கு தேதியோடு இருப்பது எங்கள் பதிவேட்டில்கூட அபூர்வம். ஆனால் அது உங்கள் குடும்பத்தின் சொத்து. உம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. உங்கள் முன்னாலேயே எண்களை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு நோட்டைக் கையில் கொடுத்துவிடுவேன். பக்கங்கள் உப்புக் காற்றில் ஒட்டியிருந்தால் வீட்டில் பிரிக்க முயல வேண்டாம், கிழிந்துவிடும். அப்படியே கொண்டுவாருங்கள்.